தமிழில் யோசிப்பதால் அல்ல

“தமிழில் யோசிக்கிறாய், அதனால்தான் உனக்கு ஆங்கிலம் வரவில்லை.” சென்னை தி. நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி மாடிக்கு மாடி நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் முதல் நாள் காதில் விழும் வாக்கியம் இது. மயிலாப்பூரில் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். அடையாறில் அம்மாக்கள் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். இருபத்தாறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள் நான். முதல் பத்து ஆண்டுகள் நானும் இதையே சொன்னேன். இன்று இது தவறு என்று சொல்கிறேன். காரணம் சொல்லும் வாக்கியங்களை எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் தவறு பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும். தமிழில் வாக்கியத்தை முழுதாகக் கட்டி, பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டி ஆங்கிலமாக்க நினைப்பவன், எதிரில் இருப்பவர் பொறுமை இழக்கும்வரை வாய் திறப்பதில்லை. வாய் திறந்தாலும் தமிழின் சாயல் ஒட்டிக்கொண்டு வருகிறது. குழந்தை தாய்மொழியை மொழிபெயர்த்தா கற்கிறது? கேட்டுக் கேட்டுத்தானே கற்கிறது? அப்படியே ஆங்கிலத்திலும் மூழ்க வேண்டும். வகுப்பறைக்குள் தமிழ் நுழைந்தால் சோம்பலும் கூடவே நுழையும். ஓ.எம்.ஆர். நிறுவனத்தில் நேர்காணல் எடுப்பவர் உங்கள் மனத்துக்குள் நடக்கும் மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருக்கமாட்டார்.

இதில் ஒன்றிரண்டு உண்மை உண்டு. அவற்றை மறைக்கப் போவதில்லை, உரிய இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதத்துக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் பிழையையே முதலில் எடுத்துக்கொள்வோம். விடைத்தாளில் மாணவன் ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் ஹி கேம்’ என்று எழுதுகிறான். ஆசிரியர் ‘பட்’டைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். அடுத்த வரியில் ‘பிகாஸ் ஐ வாஸ் சிக், ஸோ ஐ டிட் நாட் கம்’. இங்கே ‘ஸோ’வுக்கு வட்டம். ஓரத்தில் ‘மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற குறிப்பு.

1. இந்தப் பிழை தமிழுடையதே அல்ல.

‘மழை பெய்தாலும் வந்தான்.’ இதில் முரணைக் காட்டுவது ஒரே ஒரு ‘உம்’. ‘மழை பெய்தது, ஆனால் வந்தான்.’ இதில் ஒரே ஒரு ‘ஆனால்’. ‘மழை பெய்தாலும், ஆனால் வந்தான்’ என்று சொல்லும் தமிழர் ஒருவரைக் காட்டுங்கள். மாட வீதியில் பூக்கட்டும் அம்மாவும் சொல்லமாட்டார், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் சொல்லமாட்டார். காரணத்துக்கும் இப்படித்தான். ‘மழை பெஞ்சதால வரல.’ ‘மழை பெஞ்சுது, அதனால வரல.’ ‘வரல, ஏன்னா மழை.’ மூன்று வழி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அடையாளம் ஒன்றுதான். நீளமாகப் பேசும்போது ‘ஏன்னா’வில் தொடங்கி ‘அதனால’வில் முடிப்பவர்கள் உண்டு. அது பேச்சு நீண்டு தொடக்கம் மறந்துபோவதால் வரும் தடுமாற்றம், தமிழின் அமைப்பு அதைக் கேட்பதில்லை.

இரட்டை அடையாளம் கேட்கும் மொழிகள் இருக்கவே செய்கின்றன. சீன மொழியில் ‘யின்வெய்’ என்று காரணத்தைத் தொடங்கினால் ‘ஸுவோயி’ என்று விளைவைத் தொடங்குவது இயல்பு. சீன மாணவர் ஆங்கிலத்தில் ‘பிகாஸ்… ஸோ’ என்று எழுதினால், தாய்மொழியின் தாக்கம் என்று சொல்ல நியாயம் உண்டு. நம் பிள்ளைக்கு அதே பிழை வரும்போது அதே பழியை அவன் தாய்மொழிமேல் போடுவது, பக்கத்து வீட்டுக்காரர் மருந்துச்சீட்டைக் காட்டி நம் வீட்டுக்கு மருந்து வாங்குவது போன்றது.

அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது? மாநிலப் பாடத்திட்டத்து ஆங்கிலக் கைடு எதையாவது திறந்து ‘சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ஓர் அட்டவணை இருக்கும். ஒரு வரிசையில் ‘இன் ஸ்பைட் ஆஃப் – பட் – தோ’. அடுத்த வரிசையில் ‘பிகாஸ் ஆஃப் – ஸோ – அஸ், ஸின்ஸ், பிகாஸ்’. மாணவன் இந்த வரிசைகளை வாய்ப்பாடுபோல உருப்போடுகிறான். ‘தோ’ என்றதும் ‘பட்’ நாக்கில் வந்து நிற்கும்படி நாம்தான் பழக்கியிருக்கிறோம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும் என்பதை அட்டவணை சொல்வதில்லை. இரண்டு கட்டத்துச் சொற்களையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுகிறான். இது வகுப்பறை விதைத்த பிழை என்பது என் முடிவு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இன்னொன்றும் உண்டு. முரணுக்கு இரட்டை அடையாளம் போடுவது ஆங்கிலத்துக்கே அந்நியமானதல்ல. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘தோ’வுக்குப் பின் ‘யெட்’ வருவது சர்வசாதாரணம். நம் வீட்டு அலமாரிகளில் இரண்டு தலைமுறையாக இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் ‘தோ – யெட்’டை இணைச் சொற்களின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. ‘தோ’வோடு ‘யெட்’ வரலாம், ‘பட்’ வரக்கூடாது. இது ஆங்கிலத்தின் உள்வழக்கு. இந்த வழக்கைத் தெரிந்துகொள்ளாத மாணவனுக்குச் சொல்ல வேண்டியது இந்த வழக்கைத்தான். அவன் சிந்தனையே கோணல் என்று சொல்வது எந்த விதத்திலும் பாடமாகாது.

2. தமிழில் யோசித்ததால் ஆங்கிலம் நேரானதை நான் கண்ணால் பார்த்தேன்.

கச்சேரி சாலைக்கு அருகில் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், இருபத்து நான்கு வயது. நிதி நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டு வேலை பார்த்து விட்டுவிட்டவன். நேர்காணல் ஒத்திகை. என்னோடு பாடம் எடுத்தவர், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் சொன்னான்: ‘ஐ டிட் நாட் லீவ் த ஜாப் பிகாஸ் ஆஃப் த சாலரி.’

“அப்படியானால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா?” என்றார் அவர்.

பையன் விழித்தான். அவன் சொன்ன ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் இரண்டு பக்கமும் சாயும். ‘சம்பளம் நன்றாக இருந்ததால் வேலையை விடவில்லை’ என்றும் கொள்ளலாம், ‘விட்டேன், ஆனால் காரணம் சம்பளம் இல்லை’ என்றும் கொள்ளலாம். ‘நாட்’ வினையோடு ஒட்டிக்கொண்டு, மறுக்கப்படுவது வேலையை விட்டதா, விட்டதற்கான காரணமா என்று தெரியாமல் நிற்கிறது. ஆங்கிலேயர்களே சறுக்கும் இடம் இது. கேட்டவர் அவனைப் பார்த்து, “தமிழில் யோசிக்காதே, திங்க் இன் இங்கிலீஷ்” என்றார். அவன் தலை குனிந்தது. இதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“தம்பி, ஏன் வேலைய விட்ட? தமிழ்லயே சொல்லு” என்றேன்.

“சம்பளத்துக்காக விடல மேடம். அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். கூடப் போக ஆள் இல்ல.”

“விடலன்னு சொல்றியே, விட்டாச்சு இல்ல? ‘நான் வேலைய விட்டது’ன்னு ஆரம்பி.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “நான் வேலைய விட்டது சம்பளத்துக்காக இல்ல மேடம், அம்மாவுக்காக.”

பலகையில் அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதினேன். ‘இல்ல’வைக் கோடிட்டு, அது எதை மறுக்கிறது என்று கேட்டேன். “சம்பளத்த” என்றான். “ஆங்கிலத்துலயும் ‘நாட்’ட அதுக்குப் பக்கத்துல கொண்டு போ.” மூன்று முறை முயன்றான். நான்காவது முறை வந்தது: ‘ஐ லெஃப்ட் த ஜாப், நாட் பிகாஸ் ஆஃப் த சாலரி, பட் பிகாஸ் மை மதர் நீடட் மீ.’

இங்கே நடந்தது என்ன? ‘சம்பளத்துக்காக விடவில்லை’ என்று மறுப்பை வினைமேல் ஏற்றினால் தமிழிலும் இரண்டு பொருள் வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குழப்பத்திலிருந்து வெளியேற ஒரு கதவைத் தமிழ் எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறது. ‘விட்டேன்’ என்ற வினையை ‘விட்டது’ என்று பெயராக்கு. நடந்த செயல் நடந்ததாகவே அசையாமல் நின்றுவிடும். மறுப்பு முழுவதும் காரணத்தின் தலையில் போய் உட்காரும். எழுதும்போது ‘அல்ல’, பேசும்போது ‘இல்ல’. ‘நான் கோவிச்சது காசுக்காக இல்ல, நீ சொல்லாம போனதுக்காக.’ இப்படிப் பேசாத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. ‘நாட் பிகாஸ்… பட் பிகாஸ்’ என்று ஆங்கிலப் புத்தகம் ஒரு தனிப் பாடமாக நடத்தும் எதிரிணைக் கட்டு, நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே சண்டையில் பயன்படுத்திப் பழகிய கட்டு. அதை எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில், அதை வெளியே விட்டுவிட்டு வா என்கிறோம்.

சாந்தோம் பக்கம் தேவாலயங்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சான்று தெரிந்திருக்கும். யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், மக்கள் தம்மைத் தேடி வந்தது அற்புதத்துக்காகவா அப்பத்துக்காகவா என்று இயேசு பிரித்துச் சொல்லும் இடம். ஆங்கில விவிலியம் அங்கே ‘நாட் பிகாஸ்… பட் பிகாஸ்’ போடுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘தினால் அல்ல’ என்று ஒன்றை விலக்கி, ‘தினாலேயே’ என்று மற்றதை நிறுத்துகிறது. அந்த ஏகாரம் ‘பட்’டின் வேலையைச் செய்கிறது. இரண்டு மொழியும் ஒரே எடையைத் தூக்குகின்றன, பிடி மட்டும் வேறு. பிடியைக் காட்டிக் கொடுப்பதுதான் ஆசிரியர் வேலை.

3. தமிழிலிருந்து உண்மையிலேயே வரும் பிழையைத் தமிழைத் துரத்தும் வகுப்பு கண்டுபிடிப்பதே இல்லை.

தாய்மொழியால் ஒரு சிக்கலும் வராது என்று நான் வாதாடவில்லை. வருகிறது, வேறு இடத்தில் வருகிறது. இன்றைய தமிழில் ‘ஆல்’ என்ற உருபு கருவிக்கும் வரும், காரணத்துக்கும் வரும். ‘கத்தியால் வெட்டினான்’, ‘காய்ச்சலால் படுத்தான்’, ‘குளிரால் நடுங்கினான்’, ‘பசியால் இறந்தான்’. நான்குக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் கத்திக்கு ‘வித்’, காய்ச்சலுக்கு ‘பிகாஸ் ஆஃப்’, குளிரில் நடுங்குவதற்கு மறுபடியும் ‘வித்’, பசியால் இறப்பதற்கு ‘ஆஃப்’. இந்த நான்கையும் மாணவன் ‘பை’ என்ற ஒரே சொல்லால் அடித்துவிடுகிறான். ‘டைட் பை ஹங்கர்’ என்று எழுதியவனின் தாளில் வெறும் வட்டம் போட்டால், அவன் எதைத் திருத்திக்கொள்வான்? அவன் மனத்தில் இருக்கும் ‘ஆல்’ என்பது ஆங்கிலத்தில் பலவாகப் பிரிகிறது என்று யாராவது காட்டினால்தான் திருந்துவான். காட்டுவதற்கு ஆசிரியருக்கு அந்த ‘ஆல்’ தெரிய வேண்டும்.

இந்தப் பிரிவினை தமிழ் இலக்கணத்துக்குப் புதிதும் இல்லை. நன்னூல் கருவியை மூன்றாம் வேற்றுமையில் வைக்கிறது, ஏது என்னும் காரணத்தை ஐந்தாம் வேற்றுமையில் வைக்கிறது, பொருட்டு என்னும் நோக்கத்தை நான்காம் வேற்றுமையில் வைக்கிறது. எதனால் நடந்தது, எதற்காக நடந்தது, எதைக் கொண்டு நடந்தது என்ற மூன்று கேள்விகளும் வேறு வேறு என்று நன்னூலாசிரியர் பவணந்தியார் தம் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இதே பிரிவினைதான் ஆங்கிலத்தில் ‘பிகாஸ் ஆஃப்’, ‘ஃபார்’, ‘வித்’ என்று நிற்கிறது. தமிழாசிரியர் வேற்றுமை நடத்திவிட்டுப் போன அடுத்த பாடவேளையில், அதே அறையில், ஆங்கில ஆசிரியர் முன்னிடைச் சொற்களை முதலிலிருந்து தொடங்குகிறார். ஒருவர் எழுதியதை அழித்துவிட்டுத்தான் இன்னொருவர் எழுதுகிறார். பலகையில் அழிப்பது சரி. பிள்ளையின் தலைக்குள்ளும் அழிக்கச் சொல்கிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

4. ‘ஆங்கிலத்தில் யோசி’ என்பது நிறைவேற்றவே முடியாத கட்டளை.

இல்லாத பணத்தில் செலவு செய் என்று யாரும் சொல்வதில்லை. ஆயிரம் சொல்கூட வசப்படாத ஒருவனை அந்த மொழியில் யோசி என்பது அதற்குச் சமம். ஆங்கிலத்தில் யோசிப்பது பயிற்சியின் முடிவில் தானாக வருவது. முடிவில் வருவதை நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறோம்.

கட்டணம் கட்ட முடியாதவன் என்ன செய்கிறான்? யோசிப்பதை நிறுத்திவிட்டு மனப்பாடம் செய்கிறான். நேர்காணலுக்குப் போகும் நூறு பேரில் எத்தனை பேர் ‘ஐ ஆம் நாட் ஒன்லி எ ஹார்ட் வொர்க்கர் பட் ஆல்ஸோ எ ஸ்மார்ட் வொர்க்கர்’ என்று தொடங்குகிறார்கள் என்பதை நேர்காணல் எடுத்தவர்களைக் கேளுங்கள். இணைச் சொல் அங்கே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ‘அதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்’ என்று அடுத்த கேள்வி வந்தால் கதை முடிந்தது. சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை.

மதராஸ் தந்த ஒரு பாடத்தை இங்கே நினைவுகூர வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சிலின் மதராஸ் அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். உலகம் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று அறியும். மாணவர் மனம் பொருளில் குவிந்திருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு உள்ளே வளர்கிறது என்பது அவர் கொள்கை. வகுப்பில் கொடுக்கும் வேலைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். தெரிந்ததைச் சொல்வது, கருத்தைச் சொல்வது, தெரிந்ததிலிருந்து தெரியாததைக் காரணம் காட்டிக் கண்டடைவது. மூன்றாவதைத்தான் அவர் மிகவும் நம்பினார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போகலாம், ஏன் என்று கேட்கும் மாதிரியான வேலைகள். 1987இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படுகிறது. காரணம் தேடும் மனம்தான் மொழியை இழுத்துக்கொண்டு வரும் மாடு என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வண்டியைத் தள்ளுகிறோம்.

5. ‘ஆங்கிலத்தில் யோசி’ என்ற கொள்கை அனுபவத்தில் முளைத்ததல்ல.

1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில், காமன்வெல்த் நாடுகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு மாநாடு கூடியது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே கற்பிப்பதே சிறந்தது என்பது அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிய கோட்பாடுகளில் ஒன்று. மொழியியலாளர் ராபர்ட் பிலிப்ஸன் 1992இல் எழுதிய நூலில் அந்தக் கோட்பாடுகளை ஐந்தாகத் தொகுத்து, ஐந்தையும் மயக்கங்கள் என்று பெயரிட்டு எதிர்த்தார். ஒருமொழி மயக்கம் அவற்றில் முதலாவது. உள்ளூர் மொழி தெரியாத நிபுணர்கள் உலகமெங்கும் போய்ப் பாடம் நடத்த இந்தக் கோட்பாடு வசதியாக இருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. தமிழ் தெரியாதவருக்குத் தமிழை விலக்குவது வசதி. தமிழ் தெரிந்த நாம் அதே விலக்கை எதற்காகச் சுமக்கிறோம்?

மதராஸ் மாநிலத்திலும் 1950களின் முடிவில் தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்த ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரும் முயற்சி நடந்தது. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கிப் பழக்கும் முறை அது. அதன் எச்சமாக நம் வகுப்பறைகளில் இன்று மிஞ்சியிருப்பது அமைப்பும் அட்டவணையும்தான். அமைப்பு எதற்காக என்ற கேள்வி வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

6. ‘ஆங்கிலத்தில் யோசி’ என்ற கட்டளையின் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை.

அடையாறு காந்தி நகரில் ஒரு வீடு. அப்பா ஆங்கில நாளிதழ் படிக்கிறார், அம்மா தொலைபேசியில் ஆங்கிலம் பேசுகிறார், பாட்டி தமிழில் கதை சொல்கிறார். அந்த வீட்டுப் பிள்ளையிடம் ‘ஆங்கிலத்தில் யோசி’ என்றால் அவளுக்கு அது கட்டளையே இல்லை, ஏற்கெனவே நடப்பதுதான். கண்ணகி நகரிலிருந்து பேருந்து பிடித்து வரும் பிள்ளைக்கு அதே வாக்கியம் வாயைக் கட்டும் கயிறு. அவளுக்குக் காரணங்கள் தெரியும். தண்ணீர் லாரி ஏன் வரவில்லை, அண்ணன் ஏன் படிப்பை விட்டான், ரேஷன் கடையில் ஏன் இன்று பாமாயில் இல்லை என்று அவள் தமிழில் எடுத்து வைக்கும் காரணங்கள் வக்கீல் வாதம்போல இருக்கும். வகுப்பில் அவள் மௌனமாக இருக்கிறாள். மௌனமாக இருப்பவளுக்கு விஷயம் தெரியாது என்று ஆசிரியர் குறிப்பேட்டில் எழுதுகிறார்.

தமிழ் பேசினால் அபராதம் என்று விதி வைத்திருக்கும் பள்ளிகள் இந்த நகரில் இன்றும் உண்டு. அந்த அபராதத்தைப் பெரும்பாலும் கட்டுவது யார் என்று அந்தப் பள்ளிகளுக்கும் தெரியும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் தொடங்கப்பட்ட பிறகு, வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளைகள் முன்பைவிட அதிகமாக இந்த விலையைக் கொடுக்கிறார்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளையைக் காரணமற்றவளாக ஆக்கிவிட்டு, பிறகு அவளுக்கே ‘பிகாஸ்’ பாடம் நடத்துகிறோம்.

நடைபாதைக் கடைகளிலும் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலும் தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் மெல்லிய புத்தகங்கள் எத்தனையோ பத்தாண்டுகளாக விற்கின்றன. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். வாங்குவது கட்டணம் கட்டி வகுப்புக்குப் போக முடியாதவர்கள். அந்தப் புத்தகங்களில் குறை ஆயிரம் சொல்லலாம், மொழிநடை பழசு, உதாரணங்கள் அதைவிடப் பழசு. ஆனால் படிப்பவர் ஏற்கெனவே அறிவுள்ளவர் என்ற மரியாதை அவற்றில் இருக்கிறது.

7. ‘தமிழில் நடத்திய வகுப்புகள் என்ன சாதித்தன?’

எனக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான கேள்வி இதுதான். பல பள்ளிகளில் ஆங்கிலப் பாடவேளை முழுவதும் தமிழில்தான் ஓடுகிறது. பாடத்தை ஆசிரியர் வரிக்கு வரி தமிழில் சொல்கிறார், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பன்னிரண்டு ஆண்டு கழித்தும் ஒரு வாக்கியம் பேச வருவதில்லை. உண்மை. நான் அந்த வகுப்பைப் பாதுகாக்க வரவில்லை. அங்கே தமிழில் யோசிப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். மாணவன் தமிழிலும் யோசிக்கவில்லை, ஆங்கிலத்திலும் யோசிக்கவில்லை. புத்தகத்தின் ஆங்கிலம் ஆசிரியரின் தமிழாகி, பரீட்சைக்கு மறுபடி புத்தகத்தின் ஆங்கிலமாகவே திரும்புகிறது. நான் கேட்பது எதிர்த் திசைப் பயணம். காரணம் மாணவனுடையது, முதல் வாக்கியம் அவனுடைய தமிழ், அதை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்லும் உழைப்பும் அவனுடையது. ஆசிரியர் பக்கத்தில் நின்று ‘நாட்’ எங்கே போகிறது என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

வேகம்? தொடக்கத்தில் குறையும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு வாக்கியம் கட்ட நேரம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது காரணங்களை இப்படிக் கடத்தியவனுக்கு ஐம்பத்தொன்றாவது நேராக வருவதை நான் வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவது தடையாகாது என்பதற்கு ராஜாஜியைப் பாருங்கள். தி. நகர் பஸ்லுல்லா சாலை வீட்டிலிருந்து இரு மொழியிலும் எழுதியவர். அவருடைய மகாபாரதம் முதலில் தமிழில் ‘வியாசர் விருந்து’ ஆகி, பிறகே ஆங்கிலத்துக்குப் போனது. தமிழ் அவருடைய ஆங்கிலத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அந்தச் செய்யாற்றுப் பையன் அடுத்த மாதம் கிண்டியில் ஒரு நேர்காணலுக்குப் போனான். வேலை கிடைக்கவில்லை. மறுநாள் மாலை படியேறி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். ஏன் எடுக்கவில்லை என்று நான் தமிழில்தான் கேட்டேன். கூரையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் இருந்தான். உதடு முதலில் ஓசையில்லாமல் அசைந்தது. பிறகு சொன்னான்: ‘நாட் பிகாஸ் ஐ ஸ்போக் பேட்லி, மேடம். பட் பிகாஸ் தே வாண்டட் த்ரீ இயர்ஸ், அண்ட் ஐ ஹேவ் ஒன்லி டூ.’